மூன்று கேள்வி கேட்டு எழுது

வெள்ளவத்தை
மே 22

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின ஈமெயில் வரைபை வாசித்தேன். அதை இப்போதைக்கு அனுப்பாதே. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்று பக்கம் முள்ளிவாய்க்கால் வரலாறு, பாடசாலை செய்த காரியம் அரைப் பக்கம். உதவி அதிபருக்கு வரலாறு படிப்பிக்கிற வேலையைப் பிறகு பார்க்கலாம். இப்போது அவரிடமிருந்து எழுத்தில் வாங்கவேண்டியது ஒன்றுதான்: 18ஆம் திகதி, முள்ளிவாய்க்கால் நினைவு நாளில், பேத்தி பாடசாலைக்குப் போட்டுப்போன நினைவுச் சேட்டை (மேற்சட்டையை) உட்புறம் திருப்பிப் போடச் சொன்னதற்கு என்ன காரணம்? அமெரிக்காவில் இப்படியான வழக்குகள் பாடசாலை சொல்லும் காரணத்தில்தான் வெல்லும், தோற்கும். வாயால் சொன்ன காரணம் நாளைக்கு மாறும். எழுதிக் கொடுத்தது மாறாது.

சட்டத்தின் அடி 1969இல் இருக்கிறது. 1965 டிசெம்பரில் அயோவா மாநிலத்து டெ மொய்ன் நகரில் சில பிள்ளைகள் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டி கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதிபர்மார் முன்கூட்டியே கூடி விதி போட்டார்கள்: கட்டினால் கழற்ற வேண்டும், மறுத்தால் இடைநிறுத்தம். இரண்டு அங்குல அகலத்துக்கு மேற்படாத துணி. மாவட்டத்தில் 18,000 மாணவர், இடைநிறுத்தப்பட்டது ஐந்து பேர். அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் 7க்கு 2 என்று பிள்ளைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டிங்கர் வழக்கு என்பது இதுதான். அதன்படி பாடசாலை ஒரு கருத்தைத் தடுப்பதென்றால், பாடசாலை வேலை கணிசமாகக் குழம்பியிருக்க வேண்டும், அல்லது குழம்பும் என்று நம்பக் கையில் ஆதாரம் இருக்க வேண்டும், அல்லது மற்றப் பிள்ளைகளின் உரிமையில் கைவைத்திருக்க வேண்டும். 'ஏதும் பிரச்சினை வருமோ' என்ற பொதுவான பயம் போதாது.

உரிமையைப் பாடசாலை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை என்ற வரியைத்தான் எல்லாரும் அந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். உனக்கு அதைவிட உதவுவது நடுவில் கிடக்கிற ஒரு சின்ன விஷயம். அதே பாடசாலைகளில் தேர்தல் பட்ஜ் குத்திக்கொண்டு வந்த பிள்ளைகளை யாரும் தடுக்கவில்லை. நாசிகளோடு சேர்த்துப் பார்க்கப்படும் இரும்புச் சிலுவை அணிந்தவர்களும் இருந்தார்கள், அவர்களையும் தடுக்கவில்லை. கறுப்புப் பட்டிக்கு மட்டும் தடை. இந்த இடத்தில் பாடசாலையின் வாதம் உடைந்தது. ஆகவே பேத்தியிடம் ஆறுதலாகக் கேள்: இந்த வருஷம் வேறு நாட்டுக் கொடி போட்ட சேட், கட்சித் தொப்பி, ஏதாவது இயக்கத்தின் வாசகம் போட்ட ஹூடி என்று யாரும் வந்தார்களா? அவர்களை என்ன செய்தார்கள்? பெயர்கள் தேவையில்லை. என்ன உடுப்பு, ஏறக்குறைய எந்த மாதம் என்று குறித்து வை.

நீங்கள் இருக்கிற நியூ ஜேர்சி மாநிலம் மூன்றாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருவது உங்களுக்கு நல்லது. அதே மாநிலத்து வாரன் ஹில்ஸ் உயர்தரப் பாடசாலையில் 'ரெட்நெக்' (நாட்டுப்புற வெள்ளையரைக் குறிக்கும் பகிடிப் பெயர்) என்ற சொல் இருந்த பகிடிச் சேட்டுக்காக ஒரு மாணவனை இடைநிறுத்தினார்கள். அங்கே முன்பு இனக் கசப்பு இருந்தது உண்மை. ஆனாலும் அந்தச் சொல்லுக்கும் பழைய குழப்பத்துக்கும் போதிய தொடர்பு காட்டவில்லை என்று 2002இல் அந்த நீதிமன்றம் மாணவன் பக்கம் நின்றது. 2013இல் பென்சில்வேனியாவில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கைவளையத்தை ஆபாசம் என்று தடுத்தபோதும் அப்படியே: சமூக விஷயம் பற்றியது என்று நியாயமாகக் கொள்ளக்கூடிய வாசகத்தை, இரட்டை அர்த்தம் இருக்கிறதென்று மட்டும் தடுக்க முடியாது. சீருடை போடுகிற பாடசாலையிலும் வாய் மூடிவிடாது. பயோன் நகரில் கட்டாயச் சீருடையை எதிர்த்து, ஹிட்லர் இளைஞர் படையின் படம் போட்ட பட்ஜ் குத்திய சிறுவர்களுக்கு 2007இல் சமஷ்டி நீதிமன்றம் சாதகமாகக் கட்டளையிட்டது. அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. நீதிமன்றமும் அதை ரசித்திருக்காது, ஆனால் ரசனை அங்கே கேள்வியே இல்லை.

மற்றப் பக்கத்தையும் அறிந்து வை. கலிபோர்னியாவில் 2010 மே 5, மெக்சிக்கக் கொண்டாட்ட நாளில், அமெரிக்கக் கொடிச் சேட் போட்ட மாணவர்களிடம் சேட்டைத் திருப்பிப் போடு அல்லது வீட்டுக்குப் போ என்றார்கள். 2014இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் பாடசாலை செய்தது சரி என்றது. முந்தின வருஷம் அதே நாளில் மோதல் நடந்திருந்தது, அன்று காலையும் மிரட்டல் இருந்தது. சொந்த நாட்டுக் கொடிக்கே அந்தக் கதி. ஆகவே உங்கள் பாடசாலையில் சிங்களப் பிள்ளைகளோடு இந்த நாளை ஒட்டி முன்பு வாய்த்தர்க்கமோ கைகலப்போ நடந்திருந்தால் இப்போதே எனக்குச் சொல். நடக்கவில்லை என்றால் கடிதத்தில் அதை ஒரு வரியில் எழுது.

பாதுகாப்பு இல்லாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அடைப்புக்குள் இருப்பது தீர்ப்பு வந்த வருஷம். அப்பட்டமான ஆபாசம் (1986), பாடசாலை தன் பெயரில் நடத்தும் பத்திரிகை, மேடை போன்றவை (1988), போதைப்பொருளை ஊக்குவிக்கும் வாசகம் (2007), மிரட்டல். வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் போனால் வராத பிள்ளைக்கு உரிய வழமையான தண்டனையைக் கொடுக்கலாம், ஊர்வலத்தின் நோக்கத்துக்காகக் கூட்டிக் கொடுக்க முடியாது. தனியார் பாடசாலைக்கு இந்த உரிமைப் பேச்சு ஒன்றும் செல்லாது, அங்கே சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான். வீட்டிலிருந்து இன்ஸ்ரகிராமில் போடுவதில் பாடசாலையின் கை 2021 தீர்ப்புக்குப் பிறகு மிகவும் குறுகிவிட்டது.

பேத்தியின் சேட்டில் தீபமும் திகதியும் மட்டும்தானே? படத்தில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அடுத்த முறை சிநேகிதர் யாராவது புலிக்கொடி போட்டதைக் கொடுத்தால் பாடசாலைக்கு வேண்டாம் என்று சொல். அந்த அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. தன் பாட்டில் கருத்துச் சொல்வதை அந்தத் தடைச் சட்டம் தொடவில்லை என்று அதியுயர் நீதிமன்றத்தின் 2010 தீர்ப்பே சொல்கிறது, அதுவும் புலிகள் சம்பந்தப்பட்ட வழக்கில். ஆனாலும் அந்தச் சின்னத்தில் துப்பாக்கி இருக்கிறது. ஆயுதப் படம் கூடாது என்று பெரும்பாலான பாடசாலைக் கைந்நூல்களில் இருக்கும். நாமாகவே அவர்களுக்கு ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

இனிச் செய்யவேண்டியது. சேட்டைத் தோய்க்க முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடு. அன்று நடந்ததைப் பேத்தி தன் சொல்லில் எழுதட்டும்: எத்தனை மணி, எந்தப் பாடம், யார் கூப்பிட்டார், சொன்ன சொல் என்ன, யார் பக்கத்தில் நின்றார்கள். நீ திருத்தாதே. திருத்தினால் அது உன்னுடைய வாக்குமூலம். பிறகு மாணவர் கைந்நூலையும் கல்விச் சபையின் உடை விதியையும் மாவட்ட இணையத்தளத்தில் இறக்கு. நியூ ஜேர்சியில் பல மாவட்டங்களில் அது 5511ஆம் இலக்கத்தில் இருக்கும். 'அரசியல்' என்ற சொல் அதில் எங்காவது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் உதவி அதிபர் வாயில் வந்த விதி அது.

ஈமெயில் அதிபருக்குப் போகட்டும், உதவி அதிபருக்குப் பிரதி. பத்து வரிக்கு மேல் வேண்டாம். நடந்ததை மூன்று வரியில் சொல். சேட்டில் உள்ளதன் பொருளை, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள் என்று ஒரு வரியில் சொல். பிறகு கேள்:

எந்த விதியின் எந்தப் பிரிவு?
என்ன குழப்பம் நடந்தது, அல்லது நடக்கும் என்று எதை வைத்து எதிர்பார்த்தீர்கள்?
இதே விதியின் கீழ் இந்த வருஷம் வேறு எந்த வாசகங்களை நிறுத்தினீர்கள்?

ஐந்து வேலைநாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்று முடி. 'மிகுந்த மனவேதனை', 'இனவாதம்' இரண்டையும் எடுத்துவிடு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்ததும் அவர்கள் சட்டத்தரணியிடம் கொடுத்துவிடுவார்கள், பிறகு வருகிற பதில் அளந்து எழுதிய பதிலாக இருக்கும். இப்போது வரும் பதிலில்தான் உண்மைக் காரணம் தெரியும்.

அதிபர் மழுப்பினால் மாவட்டக் கல்வி அத்தியட்சகர், பிறகு கல்விச் சபை. சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் உண்டு. சபையின் இறுதி முடிவு கையில் கிடைத்து 90 நாளுக்குள் மாநிலக் கல்வி ஆணையாளருக்கு மேன்முறையீடு. அரசியலமைப்பு உரிமைக்காகச் சமஷ்டி நீதிமன்றம் போவதென்றால் நியூ ஜேர்சியில் இரண்டு வருஷம். நம் இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் என்று ஓடித்திரிந்த எனக்கு இது தாராளமாகத் தெரிகிறது, உனக்கு அந்த நினைப்பு வேண்டாம். ஆட்கள் மறப்பார்கள், கமராப் பதிவு அழியும். பிள்ளையின் கோப்பில் இது ஒழுக்க மீறலாக ஏறியதா என்று கேட்டுப் பார்க்க உனக்கு உரிமை உண்டு, கேட்டு 45 நாளுக்குள் காட்ட வேண்டும். இடைநிறுத்தம் என்று வந்தால், 1975 தீர்ப்பின்படி குற்றம் என்ன என்று சொல்லி அவளுடைய பக்கத்தையும் கேட்காமல் ஒரு நாளுக்குக்கூட அனுப்ப முடியாது. வக்கீலுக்குக் காசு என்று யோசிக்காதே. குடியுரிமைகளுக்காக வழக்காடும் ஏசிஎல்யு அமைப்பின் நியூ ஜேர்சிக் கிளை இப்படியான முறைப்பாடுகளை வாங்கிப் பார்க்கும்.

பேத்திக்கு ஒன்று சொல்லி வை, இது எல்லாவற்றிலும் முக்கியம். மாற்று என்றால் அந்த இடத்தில் மாற்ற வேண்டும். 'மாற்றுகிறேன், ஆனால் எனக்குச் சம்மதமில்லை, அம்மாவுக்கு அறிவியுங்கள்' என்று சொல்லிவிட்டு மாற்றட்டும். மறுத்தால் சேட் விஷயம் பின்னால் போய், 'கீழ்ப்படியாமை' என்ற வேறு குற்றம் முன்னால் வரும். சேட்டுக்கு டிங்கர் இருக்கிறது, கீழ்ப்படியாமைக்கு ஒன்றும் இல்லை.

நீ கடைசியில் கேட்ட அரைப்பாவாடை நீளம் வேறு விஷயம். அதில் பேச்சுரிமையைக் கொண்டுபோகாதே, எடுபடாது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விதி, அதையும் அவர்களுக்கு மட்டும் அமுல்படுத்துகிறார்கள் என்றால் அது பால் சமத்துவப் பிரச்சினை. வட கரோலினாவில் பெண்கள் பாவாடைதான் அணியவேண்டும் என்ற விதி 2022இல் மேன்முறையீட்டில் விழுந்தது. கோயிலால் வந்து திருநீறு, பொட்டோடு போனால் தடுத்தால் அது மத உரிமை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிதம் எழுது. ஒரே கடிதத்தில் மூன்றையும் போட்டால் மிக இலேசானதற்கு மட்டும் பதில் எழுதி மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்கள்.

இங்கே உனக்கு வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலும்தான், உடுப்பில் வாசகம் எழுத இடமே இருக்கவில்லை. நம் ஊரில் உடுப்புச் சண்டை பெரும்பாலும் மதத்தின் மேல்தான் வரும். 1905இல் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு வாதாட வந்ததைப் பிரதம நீதியரசர் லெயார்ட் மறுத்து, மருதானையில் பெருங்கூட்டமே கூடியது. நூறு வருஷம் தாண்டித் திருகோணமலையில் ஆசிரியைமாரின் அபாயா (முஸ்லிம் பெண்களின் நீள அங்கி) பிரச்சினை. ஆகவே உன்னுடைய பழைய பாடசாலை அனுபவத்தை வைத்து அந்த அதிபருக்குப் பணிந்து போகாதே, அவருடைய அதிகாரம் நம் அதிபர்மாரின் அதிகாரத்தைவிடச் சிறியது.

ஒரு வேண்டுகோள். சேட்டோடு பேத்தி நிற்கிற படத்தைப் பேஸ்புக்கில் போட்டு இங்குள்ள மச்சாள்மாரை ராக் (tag) பண்ணாதே. அங்கே அது அவளுடைய உரிமை. இங்கே பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, பேஸ்புக் பதிவுக்காக ஆட்களைப் பிடித்தும் இருக்கிறார்கள்.

புது வரைபை நாளைக்கே அனுப்பு. உங்கள் காலை ஏழு மணிக்குள் அனுப்பினால் அன்றைக்கே பார்த்துத் திருப்பி அனுப்புவேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம், திங்கள் காலை போகட்டும்.

அம்மா