எலிவேட்டருக்கு மட்டும் காசு பாக்காத

அம்மிணி,

நேத்து ராத்திரி ரெண்டரை மணிக்கு ரிமோட் பிளேனுக்குன்னு நீ அனுப்புன சாமான் லிஸ்ட்ட காலைல தான் பாத்தேன். 60 இன்ச் விங், பேட்டரியோட ஒன்னே முக்கால் கிலோ, நாலு செல் லிப்போ பேட்டரி, எல்லாம் சரி. மடல், சக்கரம் திருப்பற குட்டி மோட்டார் இருக்கே, அந்த அஞ்சு சர்வோவுக்கும் அந்த நீலக் கலர் 9 கிராம் பிளாஸ்டிக் கியரையே போட்டிருக்கியே, அது தான் எனக்குப் புரியல. காலேஜ்ல இருக்கும்போது நல்ல சர்வோ வாங்கித் தராட்டி சோறு திங்க மாட்டேன்னவ நீ. இப்ப சம்பாதிக்கற புள்ள, இருக்கறதுலயே வெல கம்மியா பாத்து எடுத்திருக்க.

அதுக்கு 4.8 வோல்ட்ல 1.8 கிலோ-சென்டிமீட்டர்னு போட்டிருப்பான். ஷாஃப்ட்ல இருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோ, ரெண்டு சென்டிமீட்டர் தள்ளுனா 900 கிராம் தான், அதுவும் அசல் சரக்கா இருந்தா. அதே கலர்ல அதே ஸ்டிக்கரோட டூப்ளிகேட் நெறைய சுத்துது. வேகம் ரெண்டு மடங்கானா காத்து நாலு மடங்கு அழுத்தும், நான் சொல்லணுமா, நீ படிச்சதே அது தான. டைவ்ல இருந்து மூக்க தூக்கற நேரத்துல எலிவேட்டர், அதான் மூக்க மேலயும் கீழயும் கொண்டுபோற வால் மடல், அதோட சர்வோ திணறுச்சுன்னா அவ்ளோ தான். அந்த மஞ்ச பிளேன் போனது உனக்கு மறந்திருக்காது.

அதனால நான் சொல்றது, ரெக்கை ஓரத்து மடல் எய்லரானுக்கு 17 கிராம் மெட்டல் கியர் ரெண்டு. எலிவேட்டர், வாலுல நிக்கற மடல் ரடர், முன்னாடி நோஸ் வீல் மூணுக்கும் நம்ம பழைய ஃபுட்டாபா எஸ்3003. தகர டப்பால தான் இருக்கு, பிரிச்சு கிரீஸ் வெச்சு டெஸ்டர்ல ஓட்டிப் பாத்துட்டேன். ஒவ்வொன்னும் 37 கிராம், 4.8 வோல்ட்லயே 3.2 கிலோ இழுக்கும். 60 டிகிரி திரும்ப 0.23 செகண்ட், இப்ப வர்றதுக்கு இது மெதுவு தான், ஆனா ஓட்டிப் பழகற டிரெய்னர் பிளேனுக்கு தாராளம். மொத்தத்துல நூறு கிராம் கூடும், அந்த விங்குக்கு அது ஒன்னுமே இல்ல. 9 கிராமுக்குன்னு ஓட்டை வெட்டிட்டீன்னா 40க்கு 20 மில்லிமீட்டரா பெருசு பண்ணிக்கோ.

நீ புதுசு வாங்குனாலும் மாட்டறதுக்கு முன்னாடி ஒன்னு பண்ணு. சர்வோ மேல திரும்பற கை, அந்த ஆர்ம்ல வெளக்குமாத்து ஈக்கு ஒன்ன டேப் போட்டு ஒட்டு, கீழ பேப்பர் வெச்சு நடு எங்கன்னு பென்சில்ல ஒரு கோடு. ரிமோட் ஸ்டிக்க அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கொண்டுபோய் விட்டுப் பாரு, ஈக்கோட நுனி ரெண்டு தடவையும் அதே கோட்டுக்கு வந்து நிக்கணும். எடது பக்கம் இருந்து வரும்போது ஒரு எடம், வலது பக்கம் இருந்து வரும்போது இன்னொரு எடம்னா அத எலிவேட்டருக்குப் போடவே போடாத. டார்க், அதான் திருப்பற பலம், எவ்ளோ இருந்தாலும் நடுவுக்கு ஒழுங்கா வராத சர்வோ பிளேன நேரா பறக்க விடாது. காலமெல்லாம் கியர் வெட்டுனவன் சொல்றேன், மெட்டல்னா தேயாதுன்னும் நம்பாத, ஆர்ம கையில புடிச்சு ஆட்டம் இருக்கான்னு பாரு.

மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தற ஈஎஸ்சில, சர்வோவுக்கு 5 வோல்ட் குடுக்கற பெக் லீனியர் தான்னு எழுதியிருந்த. நாலு செல் ஃபுல் சார்ஜ்ல 16.8 வோல்ட், அத 5 வோல்ட்டா எறக்கி மிச்சத்தயெல்லாம் சூடா தான் வெளிய தள்ளும், ஒரு ஆம்பியருக்கே 12 வாட் கிட்ட. அஞ்சு சர்வோவும் ஒரே நேரத்துல இழுத்தா அது சுட்டுப் போய், ரிமோட் சிக்னல் வாங்கற ரிசீவர் ஆஃப் ஆகும். தனியா ஸ்விட்சிங் பெக் 5 ஆம்பியர் ஒன்னு வாங்கிக்கோ, ஈஎஸ்சி ஒயர்ல இருக்கற செவப்புக் கம்பிய கழட்டி விட்டுரு. வேண்டாம், நானே வாங்கி பார்சல்ல வெச்சர்றேன்.

அம்மா நல்லா இருக்கா. ராசிபுரத்துல இருந்து மாமா வந்துட்டுப் போனார், உன்ன தான் கேட்டார், வேலை ஜாஸ்தின்னு சொல்லிட்டேன். பொங்கலுக்கும் வரல, ஞாயித்துக்கெழம கூட ஃபோன் எடுக்கறதில்ல, அம்மா கேட்டா நான் என்னன்னு சொல்றது. ஆனா நீ அனுப்புன ஃபோட்டோவ பாத்தேன் சாமி, ரெக்கைக்குள்ள ரிப் ஒவ்வொன்னும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, ஒரு எடத்துல பசை வழியல. பக்கத்து வீட்டு சார்கிட்ட காட்டுனேன், நம்பவே மாட்டேங்கறார். இவ்ளோ வேலை செய்ய எவ்ளோ நாள் ஆகியிருக்கும்னு கேட்டார். லீவு நாள்ல பண்ணியிருப்பான்னு சொன்னேன்.

ராத்திரி நேரத்தோட தூங்கு. சாப்பாட்ட தள்ளிப் போடாத. எங்க வேணா மிச்சம் புடி, எலிவேட்டருக்கு மட்டும் காசு பாக்காத. உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் போட்டிருக்கேன், 17 கிராம் சர்வோவுக்குன்னு வெச்சுக்கோ. மிச்சம் இருந்தா இருக்கட்டும், கணக்கு சொல்ல வேண்டாம்.

பார்சல் சனிக்கெழம போட்டுருவேன். என்கிட்ட இருக்கறது உன் ஆபீஸ் அட்ரஸ் தான். அங்கயே போடட்டுமா, இல்ல ரூமுக்குப் போடட்டுமா? ரூமுக்குன்னா பின்கோடோட அனுப்பு, நான் வேற எதுவும் கேக்கல.

அப்பா