மண்ணில் கை வைக்கும் முன் எங்கள் நெஞ்சைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளில், அதாவது சயனைடு போட்டுத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய பாறைப் பொடி மேடுகளில், மிச்சம் கிடக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்தில் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு துறைக்கு எழுதினால் அடுத்த துறையைக் கை காட்டுகிறார்கள், அதனால்தான் மொத்தமாக. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஏற்கெனவே மனு கொடுத்தாயிற்று. இது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் நாங்கள் பேசும் தமிழில். யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

13 மேடுகள், ஆயிரம் ஏக்கர், 2024 ஜூனில் மாநில அமைச்சரவை கொடுத்த ஒப்புதல், இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். எனக்குச் சொல்ல வேண்டியது போன வாரக் கூட்டத்தைப் பற்றி. வயதான அம்மா ஒருவர் எழுந்து, "மேட்டைக் கிளறினால் தூசி பறக்குமே, ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கிறோமே" என்று கேட்டார். மேடையில் இருந்தவர் "லாரி வைத்துத் தண்ணி தெளிப்போம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் பதில். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேடையில் இருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். முதல் லாரி மேட்டில் ஏறுவதற்கு முன்னால், லைன்களில் இருக்கிற எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் செய்யுங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமல்ல, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும், மேட்டு ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். என் தாத்தாவுக்கு இங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிரில் போடும் வேலை. கூண்டில் இறங்கி, அப்புறம் இன்னொரு கூண்டு மாறி, உள்ளே போகப் போகப் பாறையே சுடும் என்பார். அந்தப் பாறை குவார்ட்ஸ். டிரில் போடும்போது கிளம்பும் தூசி நுரையீரலில் உட்கார்ந்துவிட்டால் திரும்பி வராது, வேலையை விட்ட பிறகும் வியாதி வளரும், குணமாக்க மருந்து கிடையாது. சிலிக்கோசிஸ். இதே தங்கவயலில் 1940-களில் ஆய்வு செய்து, பார்த்த தொழிலாளிகளில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் அது இருப்பதாக எழுதி வைத்தார்கள். ஆக, யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. தாத்தாவுக்குச் சொன்னது டிபி என்று. மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டார், இருமல் நிற்கவில்லை. கடைசி வருஷங்களில் அவரால் படுக்க முடியாது. சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். ஒரே அறை வீடு, அவர் மூச்சு இழுக்கும் சத்தத்தில்தான் நாங்கள் எல்லோரும் தூங்கினோம். அவர் தலை சாய்கிற இடத்தில் சுண்ணாம்புச் சுவரில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் ஆயா வெள்ளை அடிப்பார், ஒரு மாதத்தில் மறுபடி வந்துவிடும்.

வியாதியைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். டிபி என்ற பேர்தான் வீட்டைப் பிடித்து ஆட்டியது. அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. அக்கம்பக்கத்துக் குழந்தைகளை எங்கள் வாசலுக்கு அனுப்ப மாட்டார்கள். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள், யாரோ வழியிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்படி ஒன்றல்ல, பல சம்பந்தங்கள். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்கு டிபி சுலபமாக ஒட்டும் என்பதும் உண்மைதான், ஒருவேளை தாத்தாவுக்கு இரண்டுமே இருந்திருக்கலாம். ஆனால் டிபி என்று எழுதினால் அது அவர் தலைவிதி, சிலிக்கோசிஸ் என்று எழுதினால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். எதை எழுதுவது லாபம் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1902-லேயே சிவனசமுத்திரத்தில் இருந்து கரண்ட் வந்ததை எழுதுவார்கள், குட்டி இங்கிலாந்து என்பார்கள், பங்களா, கிளப் எல்லாம் வரும். 1965-ல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் கருவி வைத்து நியூட்ரினோவைப் பிடித்தார்கள், உலகமே பாராட்டியது, எங்களுக்கும் பெருமைதான். கண்ணுக்கே தெரியாத துகளை அங்கே பிடிக்க முடிந்திருக்கிறது, பக்கத்தில் டிரில் போட்டுக்கொண்டிருந்த மனுஷன் நெஞ்சில் இருந்த தூசி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. சினிமாக்காரர்களும் மேட்டில் சண்டை, டூயட் எல்லாம் எடுத்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் அது லொகேஷன். எங்களுக்கு அது குடிதண்ணீர்க் குடத்தை மூடியிருக்கும் துணியில் காற்றடித்த நாளெல்லாம் படிகிற வெள்ளைப் பொடி.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

கூட்டத்தில் பலரும் சயனைடைப் பற்றியே கேட்டார்கள், நீங்களும் அதற்கு மட்டும் விளக்கம் கொடுத்தீர்கள். அந்தக் கவலையும் நியாயமானதுதான். ஆனால் அந்த மேடு எதனால் ஆனது? எங்கள் தாத்தாக்கள் உடைத்துக் கொண்டுவந்த அதே பாறையை ஆலையில் மாவாக அரைத்துக் கொட்டியதுதானே. இத்தனை வருஷம் கிடந்து கொஞ்சம் இறுகியிருக்கிறது, முட்செடியும் முளைத்திருக்கிறது. அதைத்தான் மறுபடி கிளறப் போகிறீர்கள். தண்ணீர் தெளியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தெளித்தது போதுமா இல்லையா என்று பத்து வருஷம் கழித்து எதை வைத்துச் சொல்வீர்கள்? இன்றைக்கு யார் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தால்தானே சொல்ல முடியும்? இல்லையென்றால் நாளைக்கு இருமுகிறவனிடம் "உனக்கு முன்னாடியே இருந்தது" என்பீர்கள், அல்லது டிபி என்பீர்கள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது வேலை போனது, அதைப் பற்றிப் பேச இன்னொரு கடிதம் வேண்டும். மேட்டில் இருக்கும் தங்கத்துக்கு இத்தனை டன் என்று கணக்கு போட ஆள் வந்தார்கள், மண்ணைத் துளைத்து மாதிரி எடுத்துப் போனார்கள். அதே அக்கறையோடு எங்களையும் ஒரு தடவை கணக்கெடுங்கள் என்றுதான் கேட்கிறோம். வேலைக்கு எடுப்பதாகச் சொல்கிறீர்களே, அந்தப் பையன்களுக்கும் சேரும் முன்பே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

முதல் லாரிக்கு முன்னால், தயவுசெய்து. எக்ஸ்ரேயை உங்கள் அலமாரியில் பூட்டி வைக்காமல் ஒரு பிரதியை அவரவர் கையில் கொடுங்கள், என்ன வியாதியோ அதன் பேரை அதில் எழுதிக் கொடுங்கள். முகாமை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், மற்ற நாளில் வைத்தால் வேலைக்குப் போகிற யாரும் இருக்க மாட்டார்கள், விடிவதற்கு முன்பே பெங்களூர் ரயில் ஏறிவிடுவார்கள். நடக்க முடியாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வண்டி வேண்டும். யார் யார், எந்த லைன் என்ற பட்டியலை நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
சாம்பியன் ரீஃப் டிரில்லர் ஒருவரின் பேரன்