நுண்ணுயிர் தந்தால் ஆபத்தில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செடியில் செல்லுலோஸ் உருவாவதைத் தடுக்கும் புதிய களைக்கொல்லியை நுண்ணுயிர்களிலிருந்து தேடுவது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாவர ஆய்வகத்தில் பல வருடம் பெட்ரி தட்டுகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள் நான். இந்த விஷயம் தமிழில் வந்ததே சந்தோஷம். ஆனால், 'இயற்கையில் கிடைப்பதால் ஆபத்தில்லை' என்ற கடைசி வரியை ஏற்க முடியவில்லை. ஆளையே கொல்லும் போட்டுலினம் நச்சையும் ஒரு பாக்டீரியாதான் தருகிறது.

இந்தப் பொருள்களின் சிறப்பு அவை தாக்கும் இடத்தில் இருக்கிறது. செடியின் செல் சுவருக்குப் பலம் தருவது செல்லுலோஸ். நம் உடல் அதைத் தயாரிப்பதே இல்லை. பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் பெனிசிலின் நமக்கு மருந்தானதும் இதே கணக்கில்தான். இருந்தாலும், ஒரு பொருள் செல்லுலோஸை மட்டும்தான் தடுக்கிறதா, வேறெதையும் தொடுகிறதா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

நல்ல உதாரணம் தாக்ஸ்டோமின் ஏ. உருளைக்கிழங்கில் சொறி நோயை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசஸ் ஸ்கேபீஸ் என்ற பாக்டீரியாவின் ஆயுதம் அது; செடியில் செல்லுலோஸ் உருவாவதைத் தடுக்கும் நச்சு. செல்லுலோஸின் சிறு துண்டான செல்லோபயோஸ் அருகில் இருப்பதை உணர்ந்ததும் அந்தப் பாக்டீரியா நச்சைச் சுரக்க ஆரம்பிக்கும். கெட்டிக்கார எதிரி! 2012இல் அமெரிக்காவில் இந்த நச்சு அடங்கிய களைக்கொல்லியைப் பதிவு செய்தார்கள். ஒரு பயிரைக் கெடுக்கும் நச்சுதான் இன்னொரு வயலில் களைக்கு மருந்து.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன இடம்தான் எனக்கு முக்கியம். நுண்ணுயிர்களைத் தனித்தனியாக வளர்த்து, அவை சுரப்பதை நாற்றுகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் நாற்றுதான். செல்லுலோஸ் குறைந்தால் வேர் குட்டையாகி, நுனி குமிழ் போல வீங்கும். டயர் நைந்த இடத்தில் டியூப் பிதுங்குமே, அப்படி. ஆனால், வீக்கத்தைப் பார்த்ததுமே துள்ளிக் குதிக்கக் கூடாது. செல்லுக்குள் சட்டகம் போல இருக்கும் நுண்குழாய்களைக் குலைக்கும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளும் வேரை வீங்க வைக்கும். எத்திலீன் வாயு பட்டாலும் தண்டு குட்டையாகித் தடிக்கும்.

அதனால் அடுத்து, கதிரியக்கக் கார்பன் கொண்ட குளுக்கோஸை ஊட்டி, அதில் எவ்வளவு செல்லுலோஸாக மாறுகிறது என்று அளக்க வேண்டும். செல்லுலோஸை நெய்யும் நொதிகளுக்கு ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து, உயிருள்ள செல்லில் அவை நகர்வதை நுண்ணோக்கியில் பார்க்கவும் முடியும். 2006இல் அந்தக் காட்சி முதலில் வெளியானபோது எங்கள் ஆய்வகத்தில் அன்றைக்கு வேறு வேலையே நடக்கவில்லை. சில தடுப்பான்கள் பட்டதும் அந்த ஒளிப் புள்ளிகள் செல் சவ்விலிருந்து மறைந்துவிடும், வேறு சில பட்டால் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்யும் பொருள்கள். எந்த வழி என்று தெரிந்தால், களை எப்படித் தப்பிக்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

இனி இப்படி ஒரு கண்டுபிடிப்பைப் பற்றி எழுதும்போது, இந்தச் சோதனைகளில் எதுவரை முடிந்திருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். மண்ணில் எத்தனை நாள் தங்கும், மீனுக்கும் தேனீக்கும் என்ன செய்யும் என்பதையும் ஆய்வாளர்களிடம் கேட்டுப் போடுங்கள். இன்னும் பார்க்கவில்லை என்று அவர்கள் சொன்னால், அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்