ஒரே ஒரு கிளிக்தானே? தாமதத்துக்குக் காரணம் சொல்லும் மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ குடித்து வருவதற்குள் பிரிண்ட் தயாராக இருக்கும் என்று கோத்தகிரியில் பெயர் வாங்கிய கடை எங்களுடையது. கொஞ்ச காலமாக அந்தப் பெயர் கெட்டுக்கொண்டிருக்கிறது. கோடநாட்டுக்கும் சோலூர்மட்டத்துக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் எங்கள் கவுண்டரில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கல்யாண ஆல்பங்களும் சொன்ன தேதியைத் தாண்டுகின்றன. "புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய பிறகுதான் வேலை மெதுவாகிவிட்டது" என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னீர்கள். உண்மைதான். ஆனால் பாவம், கம்ப்யூட்டர் வேகமாகத்தான் ஓடுகிறது. அதில் போட்டிருக்கும் எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பு, முன்பு ஓர் அழுத்தத்தில் முடிந்த காரியத்துக்கு மூன்று நான்கு கேட்கிறது.

பாஸ்போர்ட் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளைத் திறந்தால் முதலில் ஒரு வரவேற்புப் பக்கம். புது வசதிகளைப் பாருங்கள், பயிற்சிக் காணொளி பாருங்கள் என்று உபசாரம். அதை மூடிவிட்டு உங்கள் படத்தைத் திறந்து முகத்தைத் தேர்ந்தெடுத்தால், கீழே ஒரு பட்டை முளைத்து, பின்னணியை நீக்கவா, புதிதாக ஏதாவது வரைந்து தரவா என்கிறது. நாங்கள் பார்க்க வேண்டிய தாடையின் மேலேயே அது வந்து உட்காரும். இழுத்து ஓரத்தில் விட வேண்டும். 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெட்டி, 4க்கு 6 அங்குலத் தாளில் எட்டாக அடுக்கிச் சேமிக்கப் போனால், இணையத்தில் வைக்கவா, கம்ப்யூட்டரில் வைக்கவா என்ற விசாரணை. பலத்த மழை வந்தால் இணையம் படுத்துவிடும் ஊரில் இந்தக் கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் சொல்வது! கம்ப்யூட்டரில் என்றால், பட்டியலில் ஜேபெக் என்ற வழக்கமான பட வடிவத்தையே காணோம். படத்தில் லேயர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே திருத்தக்கூடிய அடுக்குகள், இருப்பதால் 'நகலாகச் சேமி' என்ற வேறு கட்டளைக்குப் போக வேண்டுமாம். போய், ஜேபெக்கைத் தேர்ந்து, தரத்தைச் சொல்லி, சரி கொடுத்து, அப்பாடா என்று மூடினால், "மாற்றங்களைச் சேமிக்கவில்லையே, சேமிக்கட்டுமா?" என்று கடைசியாக ஒரு கேள்வி. சேமித்தது நகல், மூலம் இன்னும் அப்படியே இருக்கிறது என்பது அதன் நியாயம். அதற்கும் ஒரு 'வேண்டாம்' அழுத்திய பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிட முடிகிறது.

ஒரே ஒரு கிளிக் கூடினால் என்ன குறைந்துபோகும் என்று தோன்றலாம். இதை ஆராய்ந்து அளந்தே வைத்திருக்கிறார்கள். கார்டு, மோரன், நியூவெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1980-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடமாக இருக்கிறது. கை விசைப்பலகையை விட்டு மவுஸுக்குப் போக 0.4 விநாடி. அம்புக்குறியைத் திரையில் வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகச் சராசரியாக 1.1 விநாடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் தயாராக 1.35 விநாடி. அழுத்துவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 விநாடி. ஒரு கல்யாணத்தில் 600 படங்களைத் திருத்தினால், படத்துக்கு ஒரு கிளிக் கூடியதற்கே அரை மணி நேரம் போகிறது. ஐந்து கிளிக் கூடினால் இரண்டரை மணி நேரம், அதுவும் ஒரே ஒரு கல்யாணத்துக்கு. ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஓடிய காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான். எடுப்பவரும் எண்ணி எண்ணி எடுப்பார். இன்று தாலி கட்டும் நேரத்தில் மட்டும் அதைவிட அதிகமாகப் பதிவாகிவிடுகிறது.

அப்படியானால் பழைய பதிப்பிலேயே இருந்திருக்கலாமே என்பீர்கள். இருந்திருப்போம், கேமராவை மாற்றாமல் இருந்திருந்தால். கேமரா தன் சென்சாரில் விழுந்த ஒளியை அப்படியே எழுதி வைப்பதை ரா கோப்பு என்பார்கள். மாடலுக்கு மாடல் அதன் அமைப்பு மாறும். கேமரா வெளிவருவதற்கு முன்பே வந்துவிட்ட மென்பொருளுக்கு அந்தக் கோப்பைப் படிக்கத் தெரியாது. இடையில் இன்னொரு நிரலைப் போட்டு வடிவம் மாற்றிக் கொடுத்தால் படிக்கும்; ஆனால் அதுவும் ஒரு கூடுதல் வேலையாயிற்றே.

ரா இல்லாமல் எடுத்தால் போதாதா? சமவெளியில் போதலாம். இந்த மலையில் போதாது. படுகர் வீட்டு விசேஷத்திலோ ஹெத்தையம்மன் பண்டிகையிலோ எல்லோரும் வெள்ளை உடுத்தி நிற்பார்கள்; பின்னால் மூடுபனியும் வெள்ளை. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384. அந்த வித்தியாசம் இருந்தால்தான் பாட்டியின் தோளில் விழும் வெள்ளைத் துணியின் மடிப்பைப் பனியிலிருந்து பிரித்துக் காட்ட முடியும். இல்லாவிட்டால் வெள்ளைக்கு நடுவே முகங்கள் மட்டும் மிதக்கும். ஆகவே புதிய கேமராவையும் விட முடியவில்லை, அது இழுத்து வந்த மென்பொருளையும் விட முடியவில்லை.

எல்லாக் கூடுதல் அழுத்தத்தையும் நாங்கள் திட்டுவதில்லை. கிம்ப் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளின் 2012-இல் வந்த 2.8 பதிப்பில், 'சேமி' என்றால் அதன் சொந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கும், ஜேபெக் வேண்டுமானால் 'ஏற்றுமதி' என்ற தனி வழியில் போக வேண்டும் என்று மாற்றினார்கள். பயனாளர்கள் பலர் கொதித்தார்கள். எங்கள் ஓட்டு கிம்புக்குத்தான். ஜேபெக் லேயர்களை வைத்துக்கொள்ளாது; திருத்தித் திருத்திச் சேமிக்கும்தோறும் தரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த படங்களை எங்களிடம் தருகிறார்கள். இந்த ஈரக் குளிரில் அவற்றின் மேல் பூஞ்சை படர்ந்திருக்கும். சில படங்களில் தாத்தாவின் ஒரு கண்ணே போயிருக்கும். பூஞ்சையை நீக்கியது ஒரு லேயர், கண்ணைச் சரிசெய்தது ஒரு லேயர், நிறம் இன்னொரு லேயர். ஆறு மாதம் கழித்து மகள் வந்து, "அப்பா இவ்வளவு சிவப்பாக இருக்க மாட்டார்" என்றால் நிற லேயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம். கைதவறி எல்லாவற்றையும் ஒரே ஜேபெக்காக அமுக்கிவிடாமல் காப்பாற்றும் கிளிக்குக்கு மூன்று விநாடி கொடுப்பதில் வருத்தமில்லை. யாரும் கேட்காத வசதியை விளம்பரப்படுத்த நம் கையைத் தடுக்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

எரிச்சலைச் சொன்னால் பலன் உண்டா என்றால், சில சமயம் உண்டு. 2015 அக்டோபரில் லைட்ரூம் மென்பொருளில், கேமரா அட்டையிலிருந்து படங்களை இறக்கும் திரையை எளிமையாக்குகிறோம் என்று மாற்றினார்கள். வேலை முடிந்ததும் அட்டையைத் தானாக விடுவிக்கும் வசதி உட்பட, தினமும் பயன்பட்ட சிலவற்றைக் காணோம். உலகம் முழுவதும் புகைப்படக்காரர்கள் போட்ட சத்தத்தில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த மாதமே பழைய திரையைத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் மென்பொருள்காரருக்கும் எழுதியிருக்கிறோம். கோத்தகிரிக் கடிதத்துக்கு எவ்வளவு சத்தம் இருக்குமோ!

அதுவரை கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. வரவேற்புப் பக்கத்தையும் அந்தப் பட்டையையும் அமைப்புகளில் தேடிப்பிடித்து அணைத்துவிட்டோம். திரும்பத் திரும்ப வரும் வேலைகளை 'ஆக்‌ஷன்' என்று பதிவு செய்து ஒரே விசையில் ஓடவிடுகிறோம். பழைய கம்ப்யூட்டரை விற்காமல் பழைய பதிப்போடு பாஸ்போர்ட் படத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். அடுத்த வாரத்திலிருந்து அந்த வேலை பழைய வேகத்துக்கு வந்துவிடும். முகம் திருத்தும் வேலையை மட்டும் எந்த ஆக்‌ஷனிடமும் ஒப்படைப்பதாக இல்லை. தானாகத் திருத்தும் கருவி மச்சத்தையும் தழும்பையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. அடையாளத்துக்குத் தரும் படத்தில் அது கூடாது.

உங்களிடமும் சில உதவி கேட்கிறோம். தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் அதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். பல விண்ணப்பங்கள் 20 முதல் 50 கேபிக்குள் கேட்கின்றன. பிரிண்ட் போட்ட பிறகு சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதில் கோப்பின் எண் இருக்காது. ஒரே மாதிரி நிற்கும் இருபது படங்களில் எது என்று நாங்கள் உருட்டி உருட்டித் தேடுகிறோம். எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் சேர்த்து ஒருவரே கடைசி முடிவைச் சொன்னால் இன்னும் நல்லது.

பாஸ்போர்ட் படத்துக்கும் ஆல்பத்துக்கும் விலையில் மாற்றமில்லை. இந்த முகூர்த்தப் பருவம் முடியும்வரை ஆல்பத்துக்கு, எண்கள் எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே தேதி தாண்டிய ஆல்பங்களுக்கு மீதிப் பணத்தை இப்போது கேட்க மாட்டோம். ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ நிர்வாகத்தினர்,
கோத்தகிரி.