7 நாள் மூடி வைக்கச் சொன்ன தாளும் வெடித்த இரண்டு பாட்டில்களும்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: இஞ்சி பீர் தயாரிப்புப் பெட்டியில் வந்த பாட்டில்கள் வெடித்தது, செய்முறைத் தாளிலும் பொட்டலத்திலும் உள்ள பிழைகள், அவை குறித்து உங்கள் பிரிவு அளித்த பதில் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வீட்டிலேயே இயற்கை முறையில் இஞ்சி பீர் தயாரிப்பதற்கென உங்கள் நிறுவனம் விற்கும் பெட்டியைக் கடந்த மாதம் வாங்கினேன். அதில் வந்த 4 கண்ணாடிப் பாட்டில்களில் இரண்டு, நிரப்பி வைத்த மூன்றாம் நாள் நள்ளிரவில் அடுத்தடுத்து வெடித்தன. இதைத் தெரிவித்து நான் எழுதிய மின்னஞ்சலுக்கு, சர்க்கரையின் அளவு கூடியிருக்கலாம் என்றும், இயற்கையாக நொதிக்கும் பானத்தில் இவ்வாறு நேர்வது இயல்பே என்றும் இரண்டே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை என்பதால், நடந்ததையும் அதன் பிறகு நானே சோதித்துப் பார்த்ததையும் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் தாளில் உள்ளபடியே 3 லிட்டர் தண்ணீரைத் துருவிய இஞ்சியுடன் கொதிக்கவைத்து, 300 கிராம் சர்க்கரையை அதில் கரைத்து, கைச்சூட்டுக்கும் கீழே ஆறவிட்ட பிறகே, பெட்டியில் வந்த நொதிப்புப் பொட்டலங்களில் ஒன்றைச் சேர்த்தேன். சர்க்கரையைக் கரண்டிக் கணக்கில் போடவில்லை. சமையலறைத் தராசில் நிறுத்தே போட்டேன். ஒரு நாள் துணியால் மூடி வைத்து, மறுநாள் வடிகட்டி, 750 மில்லி பாட்டில்கள் நான்கிலும் நிரப்பி, கம்பிக் கொக்கி மூடிகளை இறுக மாட்டினேன். "அறை வெப்பநிலையில் 7 நாள் வைக்கவும், இடையில் திறக்க வேண்டாம்" என்பது உங்கள் தாளில் தடித்த எழுத்தில் அச்சாகியுள்ள வாசகம். நானும் திறக்கவில்லை.

சத்தம் கேட்டு எழுந்து போனபோது சமையல் மேடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் தரைக்கு வழிந்துகொண்டிருந்தது. மேடைக்கு எதிர்ப்புறம் இருந்த மாவு டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில், விரல் நீளமுள்ள கண்ணாடிச் சில்லு ஒன்று குத்திட்டு நின்றது. அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை என்பதால் மட்டுமே இதை ஒரு புகாராக எழுதிக்கொண்டிருக்கிறேன். மிஞ்சிய இரண்டு பாட்டில்களைத் தடித்த துணியால் போர்த்தி, முகத்துக்கும் கைக்கும் காப்பு அணிந்து, குளிரவைத்துப் பின்னர் வெளியே வைத்துத் திறந்தேன். ஒன்றில் பாதிக்கு மேல் நுரையாகவே போய்விட்டது.

சர்க்கரை கூடியிருக்கலாம் என்ற உங்கள் விளக்கத்துக்கு இப்போது வருகிறேன். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் நீர்மத்தில் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை நொதித்தால், அந்த நீர்மத்தின் கொள்ளளவுக்குச் சமமான வாயு உண்டாகும். நாம் குடிக்கும் சோடா வகைகளில் இருப்பது சுமார் 3 முதல் 4 மடங்கு வாயுதான். உங்கள் தாள் சொல்லும் அளவோ லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. அது முழுவதும் மூடிய பாட்டிலுக்குள் நொதிக்குமானால் 25 மடங்கு வாயு உண்டாகும். அவ்வளவும் நொதிக்கும்வரை எந்தப் பாட்டிலும் தாங்காது என்பது வேறு விஷயம். ஆகவே நான் அளவை மீற வேண்டிய தேவையே இல்லை. உங்கள் அளவே போதுமானது. இந்தப் பானத்தில் இனிப்பு மிஞ்ச வேண்டுமென்றால் சர்க்கரை கூடுதலாகத்தான் இருக்கும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட பானத்தை எப்போது குளிருக்கு மாற்றி நொதித்தலைத் தணிப்பது என்பதுதான் செய்முறையின் உயிர்நாடி. அதைப் பற்றி உங்கள் தாளில் ஒரு சொல்கூட இல்லை.

பெட்டியில் மிஞ்சியிருந்த இரண்டாவது பொட்டலத்தைக் கொண்டு அதே அளவில் மறுபடியும் செய்தேன். இம்முறை, வாயு நிரம்பிய குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பினேன். அழுத்தம் ஏறுவதை விரலால் அமுக்கியே அறியலாம் என்பதே காரணம். சமையலறையின் வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ். முதல் நாள் இரவு பாட்டில் சற்றே நெளிந்தது. 40 மணி நேரத்தில் கல்லைப்போல் ஆகிவிட்டது. உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன். தோல் சீவாத இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து, தினமும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சர்க்கரையும் சேர்த்து, 5 நாளில் குமிழியிடவைத்த என் சொந்தக் கரைசலைக் கொண்டும் இதே அளவில் ஒரு பாட்டில் செய்து பார்த்தேன். அது கெட்டிப்பட மூன்றரை நாள் ஆனது. எப்படிப் பார்த்தாலும் 7 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. குளிர்ந்த அறையில் ஒருவேளை பொருந்தலாம். அப்படியானால் எத்தனை டிகிரிக்கு எத்தனை நாள் என்று எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு சோதனைகளுக்கும் இடையே இருந்த வேகத்தின் வேறுபாடு என்னை உங்கள் பொட்டலத்தின் பக்கம் திருப்பியது. அதன் முன்பக்கத்தில் "பாரம்பரிய இஞ்சி பீர் செடி" என்றும், "ஈஸ்ட் சேர்க்கப்படாதது" என்றும் உள்ளது. இஞ்சி பீர் செடி என்பது செடியே அல்ல. ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும், ஜெல்லி போன்ற வெண்ணிறக் குருணை என்பதை ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் 1892ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். உங்கள் பொட்டலத்தில் இருந்ததோ பழுப்பு நிறத்தில், ஒரே சீரான உலர்ந்த மணிகள். பிரித்தவுடன் ரொட்டி மாவின் வாடை. பின்பக்கத்தில், மடிப்புக்கு அடியில், "உலர் ஈஸ்ட், இஞ்சித் தூள்" என்று பொடி எழுத்தில் அச்சாகியும் இருக்கிறது. ஈஸ்ட் விற்பது குற்றமல்ல. ஆனால் மெதுவாக நொதிக்கும் கலவைக்கு எழுதியது போன்ற தாளை விரைவாக நொதிக்கும் பொருளுடன் சேர்த்து விற்பது ஆபத்து.

பாட்டில்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை நான்கு பட்டை உடையவை. பார்வைக்கு அழகாகவே இருந்தன. ஆனால் உள்ளழுத்தத்தால் கண்ணாடியில் உண்டாகும் இழுவிசை சுற்றிலும் சமமாகப் பரவுவது உருண்டைப் பாட்டிலில்தான். சதுரப் பாட்டிலில் அது மூலைகளில் குவியும். உடைந்தவை இரண்டுமே மூலையை ஒட்டித்தான் பிளந்திருக்கின்றன. எண்ணெயோ சர்பத்தோ ஊற்றிவைக்க ஏற்ற பாட்டிலை வாயு ஏறும் பானத்துக்குக் கொடுத்தது யாருடைய முடிவு என்று அறிய விரும்புகிறேன்.

எனவே, பெட்டிக்கு நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைவிட அவசரமானது, இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கு உடனடியாக எச்சரிக்கை அனுப்புவது. இந்நேரம் யாரோ ஒருவர் வீட்டு மேடையில் ஐந்தாம் நாள் பாட்டில் நின்றுகொண்டிருக்கக்கூடும். அழுத்தம் தாங்கும் உருண்டைப் பாட்டில்கள் கிடைக்கும்வரை விற்பனையை நிறுத்திவைக்கவும், தாளையும் பொட்டலத்தின் வாசகத்தையும் திருத்தவும் வேண்டும். பானத்தில் சிறிதளவு ஆல்கஹால் உண்டாகும் என்பதையும் அத்துடன் குறிப்பிடுங்கள். "சிறுவர்களுக்கும் ஏற்றது" என்று இப்போது இருப்பது சரியல்ல. 15 நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன்.

உடைந்த சில்லுகளையும், உடையாத இரண்டு பாட்டில்களையும், இரண்டு காலிப் பொட்டலங்களையும் அட்டைப் பெட்டியில் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் தரப்பில் யாரேனும் வந்து பார்ப்பதானால் முன்கூட்டித் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீதின் நகல், செய்முறைத் தாளின் நகல், உடைந்த பாட்டில்களின் படங்கள், தங்கள் பிரிவு அனுப்பிய பதில்.