பெயர் சொல்லாமல் உதவிய அம்மையாருக்கு நன்றி

வெளிநாட்டுக்குக் குடிவந்த புதிதில், ஊர்ச் சமையலுக்கான பொருள்களைத் தேடிப் பல்பொருள் அங்காடியில் திகைத்து நின்ற என்னிடம் தாமாகவே வந்து பேசி, பெயர்கூடச் சொல்லாமல் விடைபெற்ற அம்மையாருக்கு என் மனமார்ந்த நன்றி. நம் நாட்டவர் கடையையே தேடாமல், நம்மைப் போன்ற தட்பவெப்பமுள்ள பிற நாட்டினர் நடத்தும் கடைகளுக்குச் செல்லுமாறும், விற்பனைப் பெயர் இடத்துக்கு இடம் மாறுவதால் பொட்டலத்தில் தாவரவியல் பெயர் இருந்தால் அதைப் பார்த்து வாங்குமாறும் அவர் அறிவுறுத்தினார். விமானத்தில் வந்து வாடிய காய்களைவிட, பறித்தவுடன் உறையவைத்து மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் காக்கப்பட்டவை சத்தில் குறைந்தவையல்ல என்றும் விளக்கினார் (சுவையைப் பற்றி எனக்கு இன்னும் ஐயம் உண்டு). விதைகளையும் பச்சைக் காய்கனிகளையும் கொண்டுவரப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு என்று அவர் முன்பே எச்சரித்திருந்ததால், அடுத்த பயணத்தில் என் பெட்டி சுங்கச் சோதனையைத் தடையின்றிக் கடந்தது.