எந்த ஸ்டீராய்டு என்று சேர்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

'ஸ்டீராய்டு ஆபத்து' என்று மொட்டையாக ஒரு தலைப்பு வந்தால் போதும், ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரை அம்மா எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறார். யாரை எச்சரிக்க அந்தச் செய்தியைப் போட்டீர்களோ, தசைக்காக ஸ்டீராய்டு ஊசி போடும் அந்த ஜிம் பையன்கள் அதைப் படிப்பதே இல்லை.

இன்ஹேலரில் இருப்பது பியூடசோனைடு, பெக்லோமெத்தசோன் போன்ற அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து. அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான். இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பூஞ்சை படிவதும் குறையும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பிரெட்னிசோலோன் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் தசை கரையும். ஜிம்மில் ஊசியாக ஏறும் டெஸ்டோஸ்டீரோன் வகையோ தசையை வளர்ப்பது. பெயர் ஒன்று, வேலை நேர் எதிர்.

டெஸ்டோஸ்டீரோனும் மருந்துதான். விரையோ, அதை இயக்கும் மூளையடிப் பிட்யூட்டரி சுரப்பியோ பழுதானவர்களுக்கு அது தேவை. இரண்டு வெவ்வேறு நாள்களில் காலையில் எடுத்த ரத்தத்தில் அளவு குறைந்திருந்தால்தான், அறிகுறிகளையும் பார்த்து மருத்துவர் தொடங்குவார். நீண்டநாள் வேலை செய்யும் டெஸ்டோஸ்டீரோன் ஊசி 1000 மில்லிகிராம். 4 மில்லி எண்ணெய்க் கரைசல், அதில் விளக்கெண்ணெயும் உண்டு. இரண்டாவது ஊசி 6 வாரத்தில், அப்புறம் 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை. புட்டத்துத் தசையில் இரண்டு நிமிடம் எடுத்து மெல்லச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம். ரத்தம் கெட்டியாகி ஹிமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 விழுக்காட்டைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி வைப்பார்கள்.

ஜிம் கணக்கு வேறு. ஆணின் உடல் வாரம் முழுவதும் சுரப்பதே ஏறக்குறைய 50 மில்லிகிராம்தான். அங்கே 'வாரம் 500' என்பது சாதாரணப் பேச்சு. இவ்வளவு வெளியிலிருந்து வந்தால் மூளை விரைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். மீள மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். குழந்தைக்குக் காத்திருப்பவர் 'ஆண்மைக்கு நல்லது' என்று இதைப் போட்டுக்கொள்வதைவிடப் பெரிய கூத்து இல்லை. மிகுந்தது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பு வீங்கும். வளரும் வயதுப் பையனுக்கு எலும்பின் வளர்நுனி மூடி உயரம் நின்றுவிடும். பெண்ணுக்குக் குரல் கட்டையானால் பெரும்பாலும் திரும்பாது.

டயனபால் போன்ற தசை வளர்க்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் கல்லீரலில் சீக்கிரம் சிதையாதபடி மாற்றிச் செய்யப்பட்டவை. அடி வாங்குவதும் அதே கல்லீரல்தான். நல்ல கொழுப்பான எச்.டி.எல். சரியும். உடல் அரிப்பு, கறுத்த சிறுநீர், கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போக வேண்டும். கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற நொதிகள் கடும் பயிற்சியாலும் ஏறும் என்பதால் ஜி.ஜி.டி. என்ற நொதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெலிகிராமில் வரும் 10 மில்லி புட்டியில் என்ன இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது. மலேசியாவில் பதிவான ஊசிமருந்தின் பெட்டியில் பதிவு எண் இருக்கும்: 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு இலக்கம், பிறகு 'ஏ' என்ற எழுத்து, கூடவே ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும். 'ஏ' என்றால் பட்டியலிட்ட நச்சுப்பொருள் வகை, அதாவது சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. எண்ணை தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். எண் உண்மையானதாக இருந்தாலும் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பது குற்றம்தான். ஒரே புட்டியில் நாலு பேர் பயன்படுத்திய ஊசியை விட்டு எடுத்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் வழி திறக்கிறது. உங்கள் சிரிஞ்சு மட்டும் புதிதாக இருந்து பயனில்லை.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் பெயர், மில்லிகிராம், எத்தனை வாரம் என்று மூன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறுத்திய சில வாரங்களில் மனம் இருண்டுபோவது உண்டு. அந்தச் சமயத்தில் வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மருந்தாளர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்